டேலிக்குச் சொந்த சர்வரா, கிளவுடா?

ஈரோட்டில் எங்கள் ஜவுளி மொத்தக் கடையில் கணக்கும் பில்லும் போடும் டேலி மென்பொருள் இருந்த பழைய சர்வரில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 ஓடிக்கொண்டிருந்தது. தனியாகப் பணம் கட்டினால் தவிர, 2023 அக்டோபர் 10-க்குப் பிறகு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் கிடையாது. புது சர்வர் வாங்குவதா, அமேசான் சர்வர்களை வாடகைக்குத் தரும் ஏடபிள்யூஎஸ்-இன் மும்பை டேட்டா சென்டருக்குப் போவதா என்று யோசித்து, கிளவுடுக்கே போனோம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

வேகத்தில் சொந்த சர்வரை அடிக்க முடியாது. கொட்டேஷனை மட்டும் பார்த்தால் விலையும் அதற்குச் சாதகம்தான்.

கொட்டேஷனில் வராதது பராமரிப்பு. 200 வாட் இழுக்கும் சர்வர் இரவு பகலாக ஓடினால் மாதம் 144 யூனிட், அதுவும் கமர்ஷியல் கட்டணத்தில். அந்த அறைக்கு ஏசி தனி. அப்புறம் யூபிஎஸ். ஏப்ரல், மே வெயிலில் பேட்டரி வயிறு உப்பிப்போய், மூடியைத் திறந்தாலும் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கரண்ட் போன நொடிதான் பேட்டரி செத்தது தெரியும். யாராவது பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அப்படி நின்றால் டேலி டேட்டா கெட்டு, அதைச் சரிசெய்யும் ரீரைட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரிசையில் வியாபாரிகள் நிற்பார்கள். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருந்தாலும் ஆள் வந்து சேரும்வரை கடை நின்றது நின்றதுதான். இந்த ஒரு கவலை போனதற்காகவே மாத வாடகை கட்டலாம்.

கிளவுடிலும் கண்ணுக்குத் தெரியாத செலவுகள் உண்டு. சர்வரை நிறுத்தி வைத்தாலும் டிஸ்க் வாடகை ஓடும். 2024 பிப்ரவரியிலிருந்து சர்வரை இணையத்தில் அடையாளம் காட்டும் பொது ஐபிவி4 முகவரிக்கே மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதம் சுமார் 3.6 டாலர். டிஸ்க்கின் நகல்களான பழைய ஸ்னாப்ஷாட்களை அழிக்காவிட்டால் பில் சத்தமில்லாமல் ஏறும். அதனால் பில் வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கும் பட்ஜெட் அலர்ட்டை முதல் நாளே போட்டுவிடுங்கள். இன்டர்நெட் இணைப்பு போனால் கடை நிற்கும் என்பதால் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் லைன் அவசியம். இரண்டும் ஒரே போஸ்ட் வழியாக வந்தால் பயனில்லை.

கிளவுடுக்குப் போனால் பேக்கப் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கோ, கணக்கின் பேக்கப் தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று கம்பெனி கணக்கு விதிகளில் 2022-இல் வந்த திருத்தமே சொல்கிறது. நாங்கள் இன்னொரு பிரதியை ஹைதராபாத்தில் வைத்திருக்கிறோம். அவ்வப்போது அதை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, அன்றைய கடைசி பில் இருக்கிறதா என்றும் பார்க்கிறோம்.

எங்களிடம் வேலை செய்வது பத்துப் பேர்தான். ஐம்பது அறுபது பேர் ஒரே நேரத்தில் உட்காரும் ஆபீசுக்கு இந்தக் கணக்கு ஒத்துவருமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பிரிண்டிங் டிசைன் மாதிரி பெரிய ஃபைல்களைத் தினமும் திறந்து மூடுகிறவர்களுக்கு மட்டும் சொந்த சர்வரே சரி. பேக்கப் வேறு ஊரில் இருக்கட்டும்.