'முதல் பதிப்பு' என்று வந்த டீனா ப்ரூக்ஸ்: அட்டை அசல், தட்டு வேறு

டெனர் சாக்ஸபோன் கலைஞர் டீனா ப்ரூக்ஸின் 'ட்ரூ ப்ளூ' (ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் 4041, மோனோ), இன்னொரு டெனர் கலைஞர் ஜே.ஆர். மான்டரோஸின் ப்ளூ நோட் 1536. இரண்டும் ஒரே விற்பனையாளரிடமிருந்து, 'அமெரிக்க முதல் பதிப்பு, விஜி பிளஸ்' என்ற விளம்பரத்தோடு வந்தவை. விஜி பிளஸ் என்றால் 'வெரி குட் பிளஸ்', தட்டு நல்ல நிலையில் இருக்கிறது என்ற தரக்குறி. முதலாவதில் அட்டை மட்டும்தான் அசல், உள்ளே இருந்தது ஜப்பானிய மறுபதிப்பு. இரண்டாவது அசல் தட்டுதான், ஆனால் ஊசி ஓடும் பள்ளமான க்ரூவ் தேய்ந்து கேட்கவே முடியாத நிலை. விற்பனையாளரின் பெயர் இங்கே வேண்டாம். அவர் செய்த விதம் தெரிந்தால் வேறு யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

ப்ரூக்ஸ், மான்டரோஸ் மாதிரிக் கலைஞர்களின் தட்டுகளை ஏமாற்றுபவர்கள் ஏன் குறிவைக்கிறார்கள் என்றால், அசலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. ப்ரூக்ஸ் தலைமையில் அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த ஒரே ஆல்பம் 'ட்ரூ ப்ளூ'. 1960 ஜூன் 25 அன்று பதிவானது, ட்ரம்பெட்டில் ஃப்ரெடி ஹப்பர்ட். அதே ஆண்டு அவர் பதிவு செய்த 'பேக் டு த ட்ராக்ஸ்' ஆல்பத்துக்கு 4052 என்ற எண் கூடக் கொடுத்தார்கள், ஆனால் அப்போது வெளியிடவே இல்லை. ஆகவே யாராவது '4052 அசல் முதல் பதிப்பு' என்றால் மேற்கொண்டு பேச்சே தேவையில்லை, அப்படி ஒன்று கிடையாது. எவ்வளவு அருமையான வாசிப்பு, எவ்வளவு குறைவாகக் கிடைத்திருக்கிறது என்ற ஏக்கம்தான் வாங்குபவரை அவசரப்படுத்துகிறது. ஏமாற்றுபவருக்கு அதுவே போதும்.

'ட்ரூ ப்ளூ' விளம்பரத்தில் மூன்று படங்கள்: முன் அட்டை, பின் அட்டை, முதல் பக்க லேபிள். லேபிளில் '47 வெஸ்ட் 63ர்ட்' என்ற முகவரி, 'டீப் க்ரூவ்' எனப்படும் வட்டமான ஆழப் பள்ளம், எல்லாம் சரியாகவே இருந்தன. வந்த தட்டிலும் அதே முகவரிதான். பழைய லேபிளை அப்படியே நகலெடுத்து அச்சிட்ட ஜப்பானிய மறுபதிப்புகள் உண்டு, பக்கக் காகிதமான ஓபியை உருவிவிட்டால் அவசரக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. காட்டிக்கொடுத்தது நடுத் துளையைச் சுற்றியிருந்த ஸ்பிண்டில் தடங்கள். தட்டை வைக்கும்போது ப்ளேயரின் நடுக் கம்பியான ஸ்பிண்டில் துளையைத் தேடி உரசுவதால் லேபிளில் மெல்லிய கோடுகள் விழும், எந்த இரண்டு தட்டிலும் அவை ஒரே மாதிரி விழாது. படத்தில் துளையின் இடப்பக்கம் பிறை வடிவில் ஒரு கோடும், மேலே இரண்டு சின்னக் கோடுகளும் இருந்தன. கையில் வந்த தட்டின் லேபிள் துடைத்துவைத்த மாதிரி சுத்தம். படத்தை வைத்தே இணையத்தில் தேடும் 'ரிவர்ஸ் இமேஜ்' தேடலில் போட்டதும், பழைய ஏலம் ஒன்றில் வேறொருவர் விற்ற தட்டின் படம் அது என்று தெரிந்தது.

லேபிள் எதையும் உறுதிப்படுத்தாது. பார்க்க வேண்டிய இடம் டெட் வாக்ஸ், அதாவது கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரையுள்ள வழவழப்பான வளையம். அந்தக் காலத்து ப்ளூ நோட் தட்டில் அங்கே மூன்று விஷயங்கள் இருக்கும். எண்ணும் பக்கமும் கையால் கீறப்பட்டிருக்கும். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் 'ஆர்விஜி' என்ற எழுத்துகள் கீறலாகவோ முத்திரையாகவோ இருக்கும். மூன்றாவது, சேகரிப்பவர்கள் 'காது' என்று சொல்லும் குறி. வளைத்து எழுதிய ஆங்கில 'பி' எழுத்து போல இருக்கும், ப்ளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம்.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆர்விஜி என்பது மாஸ்டரை, அதாவது அச்சுக்கான மூலத் தட்டை, வெட்டியவர் யார் என்று சொல்கிறது, அவ்வளவுதான். 1966-இல் லிபர்ட்டி நிறுவனம் ப்ளூ நோட்டை வாங்கிய பிறகும் அதே உலோக அச்சுகளில் தட்டு அடித்தார்கள், அவற்றிலும் ஆர்விஜி இருக்கும். காது இருந்தால் லிபர்ட்டிக்கு முந்தைய அச்சு. ஆனால் 1960-இல் வெளிவந்த ஆல்பத்தை 1964-இல் மறுபடி அடித்திருந்தாலும் காது இருக்கும். அந்தக் காலத்தைப் பிரித்துக்காட்டுவது முகவரி. 1957 வரை '767 லெக்சிங்டன்', அதன்பின் ஏறத்தாழ 1962 வரை '47 வெஸ்ட் 63ர்ட்', பிறகு 'நியூயார்க் யுஎஸ்ஏ'. ஆர்விஜி, காது, முகவரி மூன்றும் ஒத்துப்போனால்தான் முதல் பதிப்பு என்ற பேச்சே. வழக்கமாக எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: லிபர்ட்டி கையில் பழைய லேபிள் காகிதங்கள் மிச்சம் இருந்தன, அவற்றை ஒட்டியே புதிய தட்டுகளை அடித்தார்கள். 'நியூயார்க் யுஎஸ்ஏ' லேபிள் இருக்கிறது, காது இல்லை என்றால் அது லிபர்ட்டி காலத்துத் தட்டு.

லேபிளில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் டீப் க்ரூவ் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய அச்சு இயந்திரத்தின் பாகத்தால் விழுந்த பள்ளம் அது. 1961 வாக்கில் அந்தப் பாகங்களை மாற்றத் தொடங்கியதால் சில தட்டுகளில் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். இப்போதைய ஆடம்பர மறுபதிப்புகள் சிலவற்றில் அதையும் வேண்டுமென்றே உண்டாக்கியிருக்கிறார்கள். பள்ளத்தைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

மான்டரோஸ் தட்டின் கதை வேறு. 1956-இல் வான் கெல்டரின் ஹேக்கன்சாக் ஸ்டூடியோவில் பதிவானது, லெக்சிங்டன் லேபிள், காது, கையால் கீறிய ஆர்விஜி, எல்லாம் உண்மை. கீறல்களும் குறைவு. ஆனால் டெனர் உரத்து எழும் இடமெல்லாம் துணி கிழிகிற மாதிரி சத்தம். கண்ணால் பார்த்து மட்டும் கொடுத்த 'விஜி பிளஸ்' இது.

அந்தக் காலத்து ப்ளேயர்களில் ஊசியைத் தாங்கும் கை தட்டின் மேல் பல கிராம் கனத்தோடு உட்காரும், இன்றைக்கு நாம் வைப்பது 1.5 முதல் 2 கிராம். தேய்ந்த ஊசியோடு அந்தக் கனமும் சேர்ந்தால் க்ரூவின் சுவரே செதுக்கப்பட்டுவிடும். அதுவும் உள்பக்கம் போகப் போக மோசம். 33⅓ வேகத்தில், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. தட்டு ஓடுகிறது. மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்தில் அது 21 செ.மீ. மட்டுமே. அதே உயர் சுரம் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருக்கும், முதலில் அழிவது அதுதான். பியானோ, பாஸ் ஓரளவு தப்பிக்கும். சாக்ஸபோன் தப்பிக்காது.

அழுக்கா தேய்மானமா என்று சந்தேகம் வந்தால், தட்டை ஈரமாகக் கழுவி, ஊசியையும் துடைத்துவிட்டுக் கேளுங்கள். படபடப்பு குறைந்து, சாக்ஸபோனின் கிழிசல் மட்டும் அப்படியே இருந்தால் அது தேய்மானம், எந்தக் கழுவலும் உதவாது. ஊசி முனையின் வடிவத்தை மாற்றிப் பார்க்கலாம். மைக்ரோலைன் மாதிரி மெல்லிய முனை, பழைய 1 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி தொடாத சுவர்ப் பகுதியில் உட்கார வாய்ப்பிருக்கிறது. இந்தத் தட்டில் அதுவும் பலிக்கவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது கடைசிப் பாட்டின் பகுதி சாம்பல் பூத்தது போல் தெரிந்தது, மற்ற இடம் கறுப்பு.

அதனால் பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டியவை: இரண்டு லேபிள்களின் படம், இரண்டு பக்க டெட் வாக்ஸும் சாய்வெளிச்சத்தில் காது தெரியும்படி, தட்டின் மேல் இன்றைய தேதி எழுதிய சீட்டை வைத்து ஒரு படம், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலிருந்தும் ஒரு நிமிட ஒலிப்பதிவு. மான்டரோஸ் என்றால் 'பாபி பின்', 'பியூட்டியஸ்'. ப்ரூக்ஸ் என்றால் 'தீம் ஃபார் டோரிஸ்', 'நத்திங் எவர் சேஞ்சஸ் மை லவ் ஃபார் யூ'. முதல் பாட்டின் ஒலியை அனுப்பினால் ஏற்காதீர்கள், எந்தத் தட்டும் அங்கே நன்றாகத்தான் பாடும். 'ப்ளேயர் இல்லை, பாட்டனார் சேகரிப்பு' என்று பதில் வந்தால் தரம் 'விஜி'க்கும் கீழே என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

பார்சலைப் பிரிக்கும்போது ஒரே தொடர் வீடியோவாக, முத்திரை உடைப்பதிலிருந்து டெட் வாக்ஸ் வரை எடுத்துவையுங்கள். பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியில் பணம் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை. சரக்குக்கான வழியில் அனுப்பினால் 180 நாட்களுக்குள் புகார் கொடுக்கலாம். இந்த விற்பனையாளர் முதலில் 'அட்டையைத்தான் முதல் பதிப்பு என்றேன்' என்றார், பிறகு கால்வாசிப் பணம் தருகிறேன், புகாரை மூடுங்கள் என்றார். மூடிவிட்டால் திரும்பத் திறக்க முடியாது, மூடக் கூடாது. ஸ்பிண்டில் தடப் படங்களைப் பக்கம் பக்கமாக வைத்து அனுப்பியதும் 'ட்ரூ ப்ளூ'வுக்கான முழுப் பணமும் திரும்பியது. மான்டரோஸுக்கு ஒன்றும் வரவில்லை, 'கண்ணால் பார்த்துத் தரப்படுத்தியது' என்று விளம்பரத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தார்.

அதே லேபிள் படத்தோடு 4041 இப்போது வேறொரு கணக்கில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. துளையின் இடப்பக்கம் பிறை, மேலே இரண்டு கோடு.