இலங்கை நீலக்கல் மோதிரம்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

இரத்தினபுரியில் வாங்கிய நீலக்கல்லை மோதிரத்தில் பதித்துப் பல ஆண்டுகளாக அன்றாடம் அணிந்து வருகிறேன். நீலக்கல் வாங்குவோர் பெரும்பாலும் ராசியையும் விலையையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நாள்தோறும் விரலில் இருக்கப்போகும் கல்லுக்கு, எந்த வெளிச்சத்தில் அதன் நிறம் எப்படித் தெரிகிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

என்னுடையது நடுத்தர நீலம். பகலில் சன்னலோரம் தெளிவாக ஒளிர்கிறது; இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் சற்று அடங்கினாலும் கறுத்துப்போவதில்லை. நீலக்கல் என்பது குருந்தம் என்னும் கனிமம்; அதில் நீலத்தை உண்டாக்குபவை இரும்பும் டைட்டேனியமும். இரும்பு மிகுந்தால் கல் இருண்டுவிடும். ஆஸ்திரேலியக் கற்கள் பலவும் மாலைக்குப் பின் கறுப்பாகத் தோன்றுவது இதனால்தான். 1880களில் புகழ்பெற்ற காஷ்மீர் நீலம் அழகில் ஈடற்றது என்றாலும், இன்று சாதாரணமாக வாங்கக் கிடைப்பதில்லை. அன்றாட அணிகலனுக்கு இலங்கைக் கல்லையே நான் பரிந்துரைப்பேன்.

வெள்ளைத் தாளின்மேல் மோதிரத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால், கல்லின் ஓரங்கள் ஏறக்குறைய நிறமற்றும், அடிமுனையில் மட்டும் நீலம் திரண்டும் இருப்பது தெரியும். பட்டை தீட்டியவர் நிறமுள்ள பகுதியை அடியில் நிறுத்தியதால், மேலிருந்து பார்க்கும்போது கல் முழுவதும் நீலமாகத் தெரிகிறது. இது குறையன்று, தேர்ந்த கைவேலை. ஆனால் இதற்காக அடிப்பாகத்தைத் தடிமனாக விடுவதால் மோதிரம் உயர்ந்து நிற்கும். கதவு, சுவர் என்று இடிபடும்.

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவையில் கடினம் 9 என்பதால் கல்லில் இதுவரை கீறல் விழவில்லை. தேய்ந்தது கல்லைப் பிடித்திருக்கும் தங்கக் கால்கள்தான். ஒருமுறை பொற்கொல்லரிடம் கொடுத்துப் புதுப்பிக்க நேர்ந்தது. வைரம் இதைக் கீறும் என்பதால் இரண்டையும் ஒரே பெட்டியில் போடுவதில்லை. எண்ணெய்ப் பசை அடியில் படிந்தால் நிறம் மங்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் போதும். கல்லின் பின்புறத்தை மூடிப் பதித்தால் இப்படிக் கழுவ இயலாது என்பதால் பின்புறம் திறந்த அமைப்பே நல்லது.

சந்தையிலுள்ள கற்களில் பெரும்பாலானவை சூடேற்றப்பட்டவை. பால்போல் மங்கிய இலங்கைக் கற்களை உயர்வெப்பத்தில் நீலமாக்கும் முறை 1970களில் பரவியது. அந்த நிறம் நிலையானது, தயக்கம் வேண்டாம். வெடிப்புகளில் கண்ணாடி நிரப்பிய கல் வேறு. பொற்கொல்லரின் தீயும் அமிலமும் அதைக் கெடுத்துவிடும். ஆகவே ஆய்வகச் சான்றிதழில் பதப்படுத்தல் பற்றிய வரியைப் படித்த பின்னரே பணம் கொடுக்கவும்.

குரோமியம் சேர்ந்தால் இதே கனிமம் மாணிக்கமாகிறது. மஞ்சள் நிறத்தில் புஷ்பராகமாக விற்கப்படுகிறது. கதிர்வீச்சால் மஞ்சளாக்கிய கற்கள் வெயிலில் வெளிறும் என்பதால் அவற்றை அன்றாட மோதிரத்துக்குத் தேர்ந்தெடுக்க மாட்டேன். வெளிர்நீலக் கற்களோ காதணிக்கு மிகவும் பொருந்துகின்றன. அங்கே இடிபடும் வாய்ப்பும் குறைவு.