அடி கனத்த பாட்டில் வேண்டுமா? இந்த ஆக்கர் கடைக்குப் போங்கள்

பாளையங்கோட்டையில் முருகன்குறிச்சி பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்த ஆக்கர் கடை. எல்லாரும் பழைய பேப்பர் போடப் போவார்கள். நான் வாங்கப் போனேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் கண்ணாடி ஈட்டிமுனையைப் பற்றிச் சொல்ல, அடி கனத்த பாட்டில்கள் தேவைப்பட்டன.

“எதுக்கு டீச்சர்?” என்றார் அண்ணாச்சி. சொன்னேன். ஆஸ்திரேலியாவின் வடமேற்கே கிம்பர்லி பகுதி மக்கள் கல்லில் இலை வடிவ முனை செய்தவர்கள். எலும்பால் ஓரத்தை அழுத்தி, சில்லு சில்லாகப் பெயர்த்து, ரம்பப் பல் மாதிரி ஆக்குவார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து பாட்டில்களை வீசிய பிறகு அதே கைவேலையைக் கண்ணாடியில் செய்தார்கள். தந்திக் கம்பத்துப் பீங்கானையும் விடவில்லை.

அண்ணாச்சி ஒரு சாக்கைக் கவிழ்த்தார். ஒவ்வொரு பாட்டிலின் அடியையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பதினொன்றை எடுத்து வைத்தார். மெல்லிசானதையெல்லாம் “இது ஆவாது” என்று தள்ளிவிட்டார். அந்த மக்களும் அடிக்கண்ணாடியைத்தான் தேடி எடுத்தார்கள். அகழாய்வில் கிடைக்கும் பாட்டில் அடி மாடு மிதித்து உடைந்ததா, மனிதர் செதுக்கியதா என்று அறிய, ஓரத்துச் சில்லுத் தடங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஆய்வாளர்கள் பார்ப்பார்கள்.

மொத்தம் ஐம்பது ரூபாய்தான் வாங்கினார். இரண்டில் கீறல் இருந்தது, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். ஒன்றில் மண்ணெண்ணெய் வாடை போகவே இல்லை. இதை அவர் கவனித்திருக்கலாம்.

வகுப்பில் பிள்ளைகளைத் தொடவிடவில்லை. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டு, செம்புக் கம்பியால் நானே அழுத்திக் காட்டினேன். சிப்பி ஓடு போல வரிவரியாக ஒரு சில்லு பெயர்ந்தது. பாட்டி ஊர் சாயர்புரம் என்ற பையன், “தேரியில கெடக்கிற குட்டிக் கல்லும் இப்படித்தான் டீச்சர்” என்றான். சரியாகச் சொன்னான். நம் தேரிச் செம்மணல் மேடுகளில் கிடைக்கும் பழங்கால மனிதரின் நுண்கற்கருவிகளும் இப்படிச் சில்லு பெயர்த்துச் செய்தவைதான்.

அப்புறம் ராட்னெஸ்ட் தீவைப் பற்றிச் சொன்னேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு எதிரே கடலில் இருக்கும் அந்தத் தீவு 1838 முதல் பல பத்தாண்டுகள் பழங்குடியினருக்கான சிறையாக இருந்தது. சுமார் 3,700 ஆண்களையும் சிறுவர்களையும் அங்கே அடைத்தார்கள். கிம்பர்லியிலிருந்து பிடித்துக் கொண்டுபோனவர்கள் அங்கேயும் பாட்டில் கண்ணாடியில் முனை செதுக்கியிருக்கிறார்கள். தீவு மண்ணில் அவை கிடைத்திருக்கின்றன. சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த வருடமும் இதே கடைக்குத்தான் போவேன். பாட்டில் வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் லாரி வந்தால் எல்லாம் ஏறிவிடும்.