சம்பளக் கணிப்புத் தளம்: இலவசம் வரைக்கும் சரி, காசு கட்டாதீர்கள்

வயதையும் படிப்பையும் கொடுத்தால் "உங்களுக்கு வர வேண்டிய சம்பளம் இவ்வளவு" என்று சொல்லும் தளங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. அப்படி ஒன்றில் காசு கட்டிச் சேர்ந்து, கொஞ்ச நாளாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம். இந்த வகைத் தளங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான், ஒன்றைப் பற்றிச் சொன்னால் மற்றவற்றுக்கும் பாதி பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இலவசப் பகுதி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. படிப்பைத் தேர்ந்தெடுத்து வயதுக் கோட்டை விரலால் இழுத்தால் மூன்று எண்கள் வருகின்றன. அந்த வயதில் அதே படிப்பு படித்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து கால்வாசியில் நிற்பவர் வாங்குவது, நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது, முக்கால்வாசியில் நிற்பவர் வாங்குவது. சராசரி என்று ஒற்றை எண்ணைத் தூக்கிப் போடாமல் இப்படிக் கொடுத்திருப்பது பெரிய விஷயம், ஏனென்றால் எக்கச்சக்கமாக வாங்கும் நாலு பேர் இருந்தால் போதும், சராசரி மேலே போய் நம்மில் பெரும்பாலானவர்கள் அதற்குக் கீழே கிடப்போம்.

கோட்டை இழுத்துப் பார்ப்பதே ஒரு பாடம். பள்ளிப் படிப்போடு நிறுத்தியவர் என்று வைத்தால் 20களில் ஏறுகிறது, 40ஐ நெருங்கும்போது ஏறக்குறையத் தட்டையாகிவிடுகிறது. பட்டம் என்று மாற்றினால் 23 வயதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியாது, நாலு வருடம் முன்பே வேலைக்குப் போனவர் சில துறைகளில் அப்போது கூடுதலாகவே வாங்குகிறார். 30ஐத் தாண்டியதும்தான் இரண்டு கோடுகளும் விலக ஆரம்பிக்கின்றன, 45 வயதுக்கு வரும்போது நன்றாகவே பிரிந்து நிற்கின்றன. ஆனால் அதே 45 வயதில், பட்டதாரிகளில் கால்வாசியில் நிற்பவரைவிடப் பள்ளியோடு நிறுத்தியவர்களில் முக்கால்வாசியில் நிற்பவர் அதிகம் வாங்குகிறார். நடு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் இது கண்ணில் படாது.

சரி, காசு கட்டினால் என்ன கிடைக்கிறது? "உங்கள் வாழ்நாள் வருமான அறிக்கை" என்று பளபளப்பாக ஒரு பிடிஎஃப். இன்றைய வயதிலிருந்து ஓய்வு பெறும் வயதுவரை நீங்கள் வருடா வருடம் சம்பாதிக்கப்போவதை ஒரே கோடாகப் போட்டு, கூட்டுத்தொகையைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். என் குறையே இதில்தான்.

அந்தக் கோடு எந்த ஒரு மனிதருடைய வாழ்க்கையும் இல்லை. இன்று 25 வயதாக இருப்பவர், இன்று 40 வயதாக இருப்பவர், இன்று 55 வயதாக இருப்பவர் ஆகிய வேறு வேறு ஆட்களைப் புள்ளி வைத்து இணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குடும்பப் படத்தில் வரிசையாக நிற்கும் பேரனையும் அப்பாவையும் தாத்தாவையும் காட்டி, பேரன் இப்படியே தாத்தாவாக மாறுவான் என்று சொல்வதுபோல. இன்றைய 55 வயதுப் பட்டதாரி வேலைக்குச் சேர்ந்தபோது பட்டதாரிகள் இந்த அளவுக்கு இல்லை, அவருக்குக் கிடைத்த ஏற்றம் இன்று சேருகிறவருக்கும் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அதைவிட, குறைவாகச் சம்பாதித்தவர்களும் உடம்பு முடியாதவர்களும் 60க்கு முன்பே வேலையை விட்டுவிடுவதால் அந்தக் கடைசிப் புள்ளிகளில் மிச்சம் நிற்பவர்கள் ஓரளவு நன்றாகச் சம்பாதிப்பவர்கள். கோட்டின் வால் பகுதி அழகாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கணக்கிடும் முறை இருக்கிறது. யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல, நான் படித்தேன். ஜேக்கப் மின்சர் என்ற பொருளியலாளர் 1974இல் வெளியிட்ட சமன்பாடுதான், கொஞ்சம் மெருகு ஏற்றியிருக்கிறார்கள். படித்த வருடங்கள், அனுபவம், அனுபவத்தின் வர்க்கம் (அதே எண்ணை அதனாலேயே பெருக்கியது), இவை மூன்றும்தான் உள்ளே போகின்றன. வர்க்கம் எதற்கு என்றால், அனுபவம் கூடக் கூடச் சம்பள ஏற்றம் மெதுவாகி ஒரு கட்டத்தில் இறங்குவதைக் காட்ட. 1960ஆம் வருட அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து அவர் போட்ட எண்களில் வேலைக்குச் சேர்ந்து ஏறக்குறைய 34 வருடத்தில் உச்சம் வருகிறது. அதாவது 22 வயதில் சேர்ந்தவருக்கு 56, 16 வயதில் சேர்ந்தவருக்கு 50.

மின்சரே தன் கணக்கின் எல்லையைக் காட்டியிருக்கிறார். படிப்பை மட்டும் வைத்துப் பார்த்தபோது ஆளுக்கு ஆள் இருக்கும் வருமான வேறுபாட்டில் 7 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. அனுபவத்தைச் சேர்த்ததும் 28 சதவீதம் சொச்சம். வருடத்தில் எத்தனை வாரம் வேலை செய்தார் என்பதையும் சேர்த்த பிறகுதான் பாதியைத் தாண்டியது. இந்தத் தளம் வாரக் கணக்கைக் கேட்பதே இல்லை! வாழ்நாள் கூட்டுத்தொகையை மட்டும் கடைசி இலக்கம்வரை துல்லியமாகப் போட்டுத் தருகிறது.

அனுபவத்தையும் கேட்பதில்லை. வயதிலிருந்து படித்த வருடங்களையும் பள்ளிக்குப் போகும் முன் இருந்த 6 வருடங்களையும் கழித்துவிட்டு, மிச்சமெல்லாம் அனுபவம் என்று அதுவே எடுத்துக்கொள்கிறது. என் அக்காவின் விவரத்தைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் வளரும்வரை வேலையை விட்டிருந்து, பிறகு கணக்குப் பிரிவிலேயே திரும்பச் சேர்ந்தவர். இடைவெளியே இல்லாமல் வேலை பார்த்தவர் மாதிரி கணக்குப் போட்டு, அவர் "சந்தை நிலவரத்துக்கு மிகக் கீழே" வாங்குவதாகச் சிவப்பில் காட்டியது. "இந்த மெஷின் என்னைத் திட்டுவதற்கு நீ காசு வேறு கட்டினாயா?" என்றார். 2023இல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், முதல் குழந்தைக்குப் பிறகுதான் ஆண் பெண் சம்பள இடைவெளி பெரிதும் விரிகிறது என்று காட்டியவர். பிள்ளைகளுக்காக வேலையை விட்டிருந்த காலத்தைப் படிவத்தில் ஒரு கட்டமாக வைப்பதில் என்ன கஷ்டம்?

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை.

அடுத்தது "மேற்படிப்பு படித்தால்?" என்ற பொத்தான். அமுக்கினால் கோடு பச்சை நிறத்தில் எகிறும், பக்கத்திலேயே படிப்பு விளம்பரங்கள் வரிசை கட்டும். படிப்பால் சம்பளம் கூடாது என்று நான் சொல்லவில்லை, அது கூடுகிறதுதான். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டியவர்கள் ஒரு வருடப் படிப்புக்குச் சராசரியாக 9 சதவீதம் என்கிறார்கள், நாலு வருடத்துக்கு அது வட்டிக்கு வட்டிபோல ஏறி 40 சதவீதத்தைத் தாண்டும். கெட்டிக்காரர்கள்தான் அதிகம் படிக்கிறார்கள், அதனால் வரும் மாயை இது என்று சந்தேகப்பட்டவர்களுக்காக, 1994இல் வெளியான ஒரு ஆய்வு ஒரே மாதிரி இரட்டையர்களையே ஒப்பிட்டது. அதிலும் கூடுதலாகப் படித்தவர்தான் கூடுதலாக வாங்கினார். ஆனால் சராசரி என்பது எல்லாப் படிப்பும் எல்லாத் துறையும் கலந்தது. சேர்ந்து பாதியில் விட்டால் என்ன ஆகும், படிக்கும் காலத்தில் விட்டுப்போகும் சம்பளம் எவ்வளவு, கடன் வட்டி எவ்வளவு, இது எதுவும் அந்தப் பச்சைக் கோட்டில் கழிக்கப்படவில்லை. 24 வயதில் இன்னொரு பட்டம் படிப்பதற்கும் 44 வயதில் படிப்பதற்கும் பலனை அனுபவிக்க மிச்சம் இருக்கும் வருடங்கள் வேறு. பொத்தானோ இரண்டு பேருக்கும் ஒரே உற்சாகத்தில் பச்சை காட்டுகிறது.

படிப்புப் பட்டியலில் தொழிற்பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை, "மற்றவை"யில் தள்ளிவிட்டார்கள். எலக்ட்ரீஷியன்கள் மன்னிக்கவும்.

இலவசப் பகுதிக்கு ஐந்துக்கு நாலு, அறிக்கைக்கு ஒன்றரை. வேலை மாறுகிறவர்கள் சம்பளம் பேச உட்காரும் முன் அந்த மூன்று எண்களைப் பார்த்துக்கொண்டு போகலாம், அதற்குக் கணக்குகூடத் தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே காசு கட்டியிருந்தால், சந்தா தானாகப் புதுப்பிக்கும் டிக் குறியை எடுத்துவிடுங்கள். அது கட்டணப் பக்கத்தில் இருக்காது, "அறிவிப்புகள்" என்பதற்குள் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.