ஏற்காட்டில் ரெண்டு நாள் பட்ஜெட் பயிற்சி: சனிக்கிழமை தூக்கம், ஞாயிறு மதியம் சண்டை

சேலத்தில் ஒரு சேகோ மில்லில் கணக்கு எழுதுகிறவன் நான். எனக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம் எப்போதாவது ராமேஸ்வரம் போய்க் கால் நனைத்துவிட்டு வருவதோடு சரி. அப்படிப்பட்டவன் 'தேசிய மீன்வளம், கடலோரக் காவல் துறைக்கு பட்ஜெட் போடுவது எப்படி' என்று ஏற்காட்டில் நடந்த பயிற்சிக்குப் போனதற்குக் காரணம் என் சித்தி பையன். குரூப் 1-க்குப் படிக்கிறான், தனியாகப் போகமாட்டேன் என்று ஒரே அடம். ஆளுக்கு 2,800 ரூபாய், தங்கல், சாப்பாடு சேர்த்து. நடத்துகிறவர்கள் பெயரை இங்கே போடவில்லை. குறைகளை அவர்களிடமே சொல்லிவிட்டேன், திருத்துகிறோம் என்றார்கள், பார்ப்போம்.

20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பாதி பேர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போய் இறங்கினால், ஏரியைத் தாண்டி ஒரு பழைய பங்களா. இடம் நன்றாக இருந்தது. வெந்நீர் ஆறு மணிக்கு முன்னால் எழுந்தவர்களுக்கு மட்டும்.

சனிக்கிழமை முழுக்க ஸ்லைடு. எழுத்து பொடிப்பொடியாக, எல்லாம் இங்கிலீஷில், சார் அதை அப்படியே படித்துக் காட்டினார். அது கூடப் பரவாயில்லை, கையில் கொடுத்த நோட்ஸ் பழசு. நம் நாட்டில் மீன்வளமும் கடலோரக் காவலும் (கோஸ்ட் கார்டு) ஒரே துறை கிடையாது. மீன்வளம் 2019-ல் தனித் துறையானது, கோஸ்ட் கார்டு பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அதனால் கனடாவை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். அங்கே 1995-ல் கோஸ்ட் கார்டைப் போக்குவரத்துத் துறையிலிருந்து எடுத்து மீன்வளத்தோடு சேர்த்தார்கள், அது சரி. ஆனால் 2025 செப்டம்பரில் அதைப் பாதுகாப்புத் துறைக்கு மாற்றிவிட்டார்கள், நோட்ஸில் அந்தச் செய்தியே இல்லை. நம் கோஸ்ட் கார்டின் மூலதன ஒதுக்கீடு, அதாவது கப்பல் மாதிரி பெரிய சாமான் வாங்குகிற பணம், 3,500 கோடி என்று போட்டிருந்தது. அது 2024-25 கணக்கு, அடுத்த வருஷமே 5,000 கோடி ஆக்கிவிட்டார்கள். பட்ஜெட் வகுப்பிலேயே பழைய பட்ஜெட்டைக் கொடுத்தால் எப்படி? சித்தி பையன் போனில் தேடிக் காட்டினான், சார் "நன்றிப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். நான் மதியத்துக்கு மேல் கொஞ்சம் தூங்கினேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு சார். புரொஜெக்டரைத் தொடவே இல்லை. பன்னிரண்டு பேரை மூன்று குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பெரிய சார்ட் அட்டை, 1,000 கோடி கற்பனைப் பணம். ரோந்துக் கப்பல், மீன்பிடித் துறைமுகம், கடலில் மீட்பு, மீன்பிடித் தடைக்கால நிவாரணம், மீன்வள ஆய்வு, சம்பளம், பென்ஷன் எல்லாவற்றுக்கும் அதற்குள்ளேயே பிரித்துப் போடவேண்டும். அரை மணி நேரம் கொடுத்தார்.

எங்கள் குழு 200 கோடி வீதம் மூன்று கப்பல் வாங்கிவிட்டது. அம்மாபேட்டையிலிருந்து வந்திருந்த பெண் சம்பளம், பென்ஷனுக்கு 250 ஒதுக்கினாள், மீதியைத் துறைமுகத்துக்கும் நிவாரணத்துக்கும் போட்டு முடித்தோம், ஆய்வுக்கு ஒப்புக்கு அஞ்சு கோடி. கணக்கு பைசா மாறாமல் 1,000-க்கு நின்றது, எனக்கு ஒரே பெருமை. சார் வந்து அட்டையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "டீசல் யார் ஊத்துவாங்க?"

எங்கள் மில்லில் ஜெனரேட்டர் வாங்கிய வருஷம் முதலாளியிடம் இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். அங்கே கேட்கத் தெரிந்தவனுக்கு இங்கே தோன்றவில்லை பாருங்கள். கப்பலை ஒரு தடவை வாங்குகிறோம், அது மூலதனச் செலவு. அதற்கு டீசல், ஆள், ரிப்பேர் என்று கப்பல் ஓடுகிற காலம் முழுக்க வருவது வருவாய்ச் செலவு. ரெண்டாவதற்குப் பணம் வைக்காவிட்டால் முதலாவது ஜெட்டியில் கட்டி நிற்கும்.

அப்புறம் சீட்டு எடுக்கச் சொன்னார். ஒரு குழுவுக்குப் புயல். ஒரு குழுவுக்குக் கப்பல் கட்டும் தளத்தில் தாமதம். அவர்களுக்குப் பணம் மிச்சம் என்று சிரித்தார்கள், மார்ச் 31-க்குள் செலவாகாத பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது. எங்களுக்கு வந்தது 'மீன் வரத்து நின்றது'. கனடாவில் நிஜமாக நடந்ததுதான்: 1992-ல் நியூபவுண்ட்லாந்து பக்கம் கோட் மீன் பிடிக்க ரெண்டு வருஷத் தடை போட்டார்கள், அது 2024 வரை நீண்டது. ரெண்டு வருஷத்துக்கு என்று நிவாரணம் எழுதினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மீன் தீர்ந்துகொண்டு வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லவேண்டிய ஆய்வுக்குத்தான் நாங்கள் அஞ்சு கோடி போட்டிருந்தோம்.

நம் ஊர்க் கணக்கும் வந்தது. நம் கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம், 2023-ல் 5,000-லிருந்து ஏற்றியது. நிதியாண்டு தொடங்குவது ஏப்ரல் 1, ஆக புது வருஷப் பணம் வந்து ரெண்டே வாரத்தில் படகு கரை ஏறிவிடும். கப்பல் ஆர்டரைத் தள்ளிப்போடலாம், இந்தப் பணத்தைத் தள்ளிப்போட்டால் அங்கே உலை வைக்க முடியாது. குச்சிக்கிழங்கு வரத்து இல்லாத மாசங்களில் எங்கள் மில் ஆட்கள் அட்வான்ஸ் கேட்டு வந்து நிற்பது எனக்குத் தெரியும், அதனால் இது சட்டென்று ஏறியது.

மேட்டூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான், அப்பா அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவர். கடைசியில் எழுந்து, "சார், எங்க தலைப்பே இந்த அட்டையில இல்லையே" என்றான். மூன்று அட்டையையும் பார்த்தோம், இல்லைதான். நாட்டின் மீன் உற்பத்தியில் முக்கால்வாசி குளம், அணை, ஆறு என்று உள்நாட்டு நீரிலிருந்து வருகிறது, மேட்டூர் இருக்கிற ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சார் பென்சிலை அவன் கையில் கொடுத்துவிட்டார். எங்கள் கப்பலில் ஒன்றை அடித்துவிட்டு அந்த 200-ல் மீன்குஞ்சுப் பண்ணை, பரிசல், வலை என்று எழுதினான், அம்மாபேட்டைப் பெண் எதிர்த்தாள், ரோந்து குறைந்தால் நடுக்கடலில் மாட்டிக்கொண்டவனை யார் தூக்குவது என்று. இந்தச் சண்டை டீ ஆறியும் ஓயவில்லை.

சாப்பாடு சுமார். சமையல்கார அக்கா வைத்த மிளகு ரசம் மட்டும் முதல்தரம், அந்தக் குளிருக்கு மூன்று டம்ளர் குடித்தேன். மீன்வள பட்ஜெட் பயிற்சியில் ரெண்டு நாளும் ஒரு துண்டு மீன் கண்ணில் படவில்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

அஞ்சுக்கு மூன்றரை. சனிக்கிழமைக்கு ஒன்றுதான் கொடுப்பேன், ஞாயிறு சார் இழுத்துப் பிடித்தார். ஞாயிறு மட்டும் வரலாமா என்று கேட்டதற்கு 1,500 என்றார்கள், அப்படியே கேட்டு வாங்குங்கள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாம். ஸ்வெட்டரும் ஒரு கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே போனில் சிக்னல் வரும் போகும்.