குதிகால் வலிக்கு ஓய்வா, ஊசியா, சுமையா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகளில்தான் வலி முகம் காட்டியது. நொண்டிக்கொண்டே குளியலறை வரை போவேன். அதற்குப் பிறகு வலி இருந்த இடமே தெரியாது. அதனால் பெட்டி மேல் தாவுவதையும் கயிறு தாண்டுவதையும் ஏழு வாரம் விடாமல் தொடர்ந்தேன். கடைசியில் குதிகாலுக்கு மூன்று விரற்கடை மேலே, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண் தடித்து, விரல் பட்டாலே சுருக்கென்றது. மருத்துவர் கெண்டைக்காலைப் பிடித்து அழுத்திப் பார்த்து, பாதம் அசைவதை உறுதி செய்து, நாண் அறுந்துவிடவில்லை, அளவுக்கு மீறி உழைத்து நைந்திருக்கிறது என்றார். அதன் பின் எனக்குக் கிடைத்த யோசனைகள் மூன்று.

முதலாவது, முழு ஓய்வு. பயிற்சிக்கூடத்தில் எல்லோரும் சொன்னது இதுதான். மூன்று வாரம் மாடிப்படி ஏறுவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். வலி சுத்தமாகப் போய்விட்டது. நான்காம் வாரம் நூறு முறை கயிறு தாண்டினேன். மறுநாள் காலை பழைய நொண்டல் அப்படியே திரும்பி வந்தது. தசைநாண் தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது. சுமையே இல்லாதபோது வலி அடங்கும், கூடவே தாங்கும் வலுவும் இறங்கிவிடும். ‘ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல்’ என்ற நால்வகை முதலுதவிக்கு 1978இல் பெயர் சூட்டிப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் எழுதினார். திடீரென்று கணுக்கால் பிசகி வீங்கினால் முதல் ஓரிரு நாள் ஓய்வு வேண்டியதுதான். மாதக்கணக்கில் சேர்ந்த நைவுக்கு அது மருந்தாகாது.

இரண்டாவது, ஸ்டீராய்டு ஊசி. முழங்கை வலிக்கு அதைப் போட்டுக்கொண்ட நண்பர் ஒருவர், ஒரே வாரத்தில் எடை தூக்கினேன் என்று சொல்லி என்னையும் வற்புறுத்தினார். நான் போட்டுக்கொள்ளவில்லை, ஆகவே அனுபவமாக எதையும் சொல்ல முடியாது. ஆனால் அதே முழங்கை வலியை வைத்து ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. ஊசி போட்டவர்களில் ஓராண்டுக்குள் வலி திரும்பியவர்கள் 54 சதவீதம். மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 12 சதவீதம். குதிகால் நாணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டால் நாண் அறுந்துபோகும் அபாயம் வேறு உண்டு. உடம்பின் முழு எடையையும் தாங்கித் தாவும் இடம் அது. எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மூன்றாவதுதான் நான் தேர்ந்தெடுத்தது: வலிக்கும் நாணுக்கே படிப்படியாகச் சுமை கொடுப்பது. பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது எனக்கு நம்பிக்கை இல்லை. நைந்ததை மேலும் இழுப்பதா என்று கேட்டேன். ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998இல் வெளியிட்ட முறையை அவர் விளக்கினார். படிக்கட்டின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை ஊன்ற வேண்டும். நல்ல காலால் எழும்ப வேண்டும். வலிக்கும் காலால் மட்டும் மெல்லக் குதிகாலை இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 வீதம் மூன்று முறை, மடக்கி 15 வீதம் மூன்று முறை, காலையும் மாலையும். ஆக நாளொன்றுக்கு 180, பன்னிரண்டு வாரம், ஒரு நாளும் விடாமல். அந்த ஆய்வில் இருந்த 15 ஓட்டக்காரர்களும் பழையபடி ஓடத் திரும்பினார்கள்.

வேலைக்குப் போகிறவனுக்கு 180 என்பது பெரும்பாடு. நான்காம் வாரமே மாலைச் சுற்றுகள் தவறத் தொடங்கின. அப்போதுதான் மாற்று முறைக்கு வந்தேன்: வாரம் மூன்றே நாள், கனமான எடை, குதிகாலை மூன்று விநாடி ஏற்றி மூன்று விநாடி இறக்குதல். டென்மார்க்கில் இரண்டையும் ஒப்பிட்ட 2015 ஆய்வில் பலன் ஏறத்தாழ ஒன்றுதான். கன எடை முறையைத்தான் மக்கள் விடாமல் செய்தார்கள். பயிற்சிக்கூடத்தில் எடைக்குப் பஞ்சமில்லாதவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

ஆனால் என்னை இந்தப் பக்கம் முழுதாகச் சாய்த்தது வேறொன்று. இந்த வழியில் பயிற்சியை நிறுத்தவே வேண்டியதில்லை. வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை அளந்துகொள்ள வேண்டும். பயிற்சியின்போது ஐந்து வரை போகலாம். மறுநாள் காலையிலும் ஐந்தைத் தாண்டக் கூடாது; வாரத்துக்கு வாரம் விறைப்பு கூடக் கூடாது. ஸ்வீடனில் 2007இல் வந்த ஆய்வில், இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஓடியவர்களும் தாவியவர்களும், ஆறு வாரம் அவற்றை நிறுத்திவைத்தவர்களுக்குச் சமமாகவே தேறினார்கள். சும்மா உட்கார்ந்திருந்த மூன்று வாரத்தில் மனம் எவ்வளவு சோர்ந்துபோனது என்று எனக்குத் தெரியும். நோட்டில் தினமும் காலை எண்ணை எழுதத் தொடங்கியதும் பயம் போனது. நேற்று நாலு, இன்று மூன்று என்றால் இன்றைக்குக் கொஞ்சம் கூட்டலாம். இன்று ஆறு என்றால் நேற்றுச் செய்ததில் எதையோ குறைக்க வேண்டும். மற்ற இரண்டு வழிகளிலும் இப்படி வழிகாட்ட எதுவுமில்லை. வலி போய்விட்டது என்பது மட்டும் தெரியும். நாண் எவ்வளவு தாங்கும் என்பது தெரியாது.

என் வலி நாணின் நடுப்பகுதியில். எலும்போடு ஒட்டும் இடத்தில் வலிப்பவர்கள் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்ய வேண்டும் என்று என் பிசியோதெரபிஸ்ட் அழுத்திச் சொன்னார். அதை நான் செய்து பார்த்ததில்லை. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற அடியும் ‘டப்’ என்ற சத்தமும் வந்தால் நாண் அறுந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பன்னிரண்டாம் வாரம் எண் பூஜ்யம் ஆனதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் காலை விறைப்பு எட்டிப் பார்த்தது. இப்போது வாரம் இரண்டு நாள் எடையோடு குதிகால் ஏற்றி இறக்குகிறேன். பெட்டி மேல் தாவுகிறேன்; இறங்கும்போது மட்டும் குதிக்காமல் ஒவ்வொரு காலாக இறங்குகிறேன்.