ஆர்குளோன்: காப்புப் பிரதி எந்த வழியாகப் போகிறது?

எங்கள் அலுவலக சர்வருக்கும் கிளவுட் சேமிப்பகங்களுக்கும் இடையே காப்புப் பிரதிகளை நகர்த்த ஓராண்டுக்கும் மேலாக ஆர்குளோனைப் பயன்படுத்தி வருகிறேன். எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் இந்தக் கட்டளைவரிக் கருவி, 70-க்கும் மேற்பட்ட சேமிப்புச் சேவைகளுடன் இணையக்கூடியது.

இதை நிறுவும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரே சேவைக்குள் நகலெடுக்கும்போது, அந்தச் சேவை இடமளித்தால், வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஒரு கிளவுட்டிலிருந்து வேறொரு நிறுவனத்தின் கிளவுட்டுக்கு அனுப்பச் சொன்னால், ஆர்குளோன் எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்தக் கணினிக்குத் தரவு இறங்கி, அங்கிருந்துதான் மறுபடி ஏறும். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பில் ஒரு டெராபைட்டை நகர்த்த முழு வேகத்திலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால், கருவியை எங்கே ஓடவிடுகிறோம் என்பதே வழியைத் தீர்மானிக்கிறது என்பது விளங்கும். நாங்கள் தொடக்கத்தில், ஒரு கிளவுட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் இரண்டாவது பிரதியையும் அலுவலக சர்வரில் ஆர்குளோனை ஓட்டியே எடுத்தோம். பிறகு, மூலத் தரவு இருக்கும் அதே கிளவுட் வட்டாரத்தில் ஒரு சிறிய மெய்நிகர் கணினியை அமர்த்தி அங்கிருந்து ஓட்டியதும், அலுவலக இணைப்பு அந்தச் சுமையிலிருந்து முழுவதுமாக விடுபட்டது. வெளியேறும் தரவுக்கான கட்டணம் இதனால் குறையாது. அமேசான் கிளவுட்டில் இப்படிச் செய்பவர்கள், அதன் சேமிப்புச் சேவையான எஸ்3-க்கு நேரடி உள்வழி தரும் கேட்வே எண்ட்பாயிண்ட்டை அமைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் தனியார் சப்நெட்டில் (இணையத்துக்கு நேரடி வழியில்லாத உள்வலைப் பிரிவில்) உள்ள கணினி எஸ்3-இலிருந்து படிக்கும் ஒவ்வொரு ஜிகாபைட்டும் நாட் கேட்வே என்ற இடைவாயில் வழியாகப் போய், அதற்கெனத் தனிக் கட்டணம் ஏறும்.

எனக்கு மிகவும் பிடித்த வசதி வேக வரம்பு. காலை 8 மணிக்கு நொடிக்கு 1 மெகாபைட், மாலை 7 மணிக்கு 5, இரவு 11 மணிக்கு வரம்பே இல்லை என்று ஒரே வரியில் கால அட்டவணையாக எழுதிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் பரிமாற்றத்தை நிறுத்தாமலேயே வேகம் மாறும். ஆனால் இங்கே அளவு பைட்டில், பிட்டில் அன்று (ஒரு பைட் என்பது 8 பிட்). முதல் வாரத்தில் 10 எம்பிபிஎஸ் என்று எண்ணி நான் 10M என்று எழுதியதில், ஏறக்குறைய 84 எம்பிபிஎஸ் போய்விட்டது. கணக்குப் பிரிவின் இணையத் தொலைபேசியில் குரல் துண்டு துண்டாகக் கேட்கிறது என்று அவர்கள் வந்து சொன்ன பிறகே கையேட்டை ஒழுங்காகப் படித்தேன்.

குறைகளும் உண்டு. ஒரு கோப்பில் சிறு பகுதி மாறினாலும் கோப்பு முழுவதும் மறுபடி ஏறும் என்பதால், 40 ஜிபி தரவுத்தள டம்பை (தரவுத்தளத்தின் முழு நகல் கோப்பை) நாள்தோறும் அனுப்ப இது ஏற்றதன்று. அதற்கு மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும் ரெஸ்டிக் என்ற காப்புப் பிரதிக் கருவியை முன்னால் வைத்து, ஆர்குளோனைப் போக்குவரத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். 'சிங்க்' கட்டளை, மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்திலும் அழித்துவிடும். ஆகவே காப்புப் பிரதிக்கு 'காப்பி' கட்டளையையே பரிந்துரைப்பேன். எதை ஓட்டினாலும் முதலில், எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை ஓட்டம் ஒன்று பார்த்துவிட வேண்டும்.

வேக வரம்பை சர்வரில் நிலையாக எழுதி வைப்பவர்கள், அதை ஏற்றத்துக்கு மட்டும் வைத்து, இறக்கத்துக்கு 'ஆஃப்' என்று கொடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு முக்காற்புள்ளி போதும். வட்டு பழுதாகி, பகல் 11 மணிக்குத் தரவை மீட்க வேண்டிய நிலை வந்தால், நொடிக்கு 1 மெகாபைட் வேகத்தில் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.